எது அக்கரை

அதை ஆறு என்று சொன்னால் ஆறு கோவித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் கோழிகூடக் கால் நனையாமல் தாண்டிவிடும் ஓடை. அதற்கு இரண்டு கரை, கரைக்கு ஒரு ஊர், நடுவில் ஒரு மரப்பாலம். பாலத்தைப் போட்டவர் இந்தப் பக்கத்துத் தச்சர். தங்கையை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார், போக வர வேண்டுமே.

கட்டிக்கொடுத்து என்ன? பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணியாயிற்று. அவளுக்கு இன்னமும் அண்ணன் வீட்டுப் பக்கம்தான் 'நம்ம கரை'. தான் குடியிருக்கும் பக்கம் 'அக்கரை'. "சோறு இங்க, பேச்சு அங்க" என்று புருஷன் கேலி செய்வார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

மழை கொட்டித் தீர்த்த அன்று பிற்பகல் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, மாடு தேடிப் போனவரு இன்னும் வரல. அக்கரையிலதான் எங்கயோ மாட்டிக்கிட்டாரு. சீக்கிரம் போய்ப் பாருண்ணே."

அதோடு லைன் போய்விட்டது.

தச்சர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். "ஏன், அங்க ஆளே இல்லையா?" என்றாள் மனைவி. "ஆபத்துன்னா கூடப் பிறந்தவனைத்தான் கூப்பிடுவா" என்றார். மேட்டில் மாவு மில் பக்கமிருக்கும் கல் பாலத்தைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் விழுந்து எழுந்து, இருட்டும் நேரத்தில் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "நீ ஏண்ணே இங்க வந்த?"

மறுநாள் காலை வெள்ளம் வடிந்தபின்தான் தங்கை புருஷனின் உடலை எடுத்தார்கள். தச்சரின் பட்டறைக்குப் பின்னாலேயே, பாறை இடுக்கில் கால் சிக்கிக் கிடந்தார். முந்தின நாள் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டதாகவும், அக்கரையில் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாகவும் தச்சரின் மனைவி சொன்னாள். பாவி, அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின் தச்சர் தலை நிமிராமல் கேட்டார்.

"எப்பவும் எங்க பக்கத்தை நம்ம கரைன்னுதானேம்மா சொல்லுவ?"

"அன்னைக்குக் காலையில அவருக்கு மனசு விட்டுப்போச்சுண்ணே. இத்தனை வருஷம் குடும்பம் பண்ணியும் என் ஊரு உனக்கு அக்கரைதானான்னு கேட்டாரு. இனிமே அப்படிச் சொல்லலன்னு சொன்னேன்."

தச்சர் எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

"தனியா கிடக்க வேணாம். கிளம்பு, நம்ம கரைக்குப் போயிடலாம்."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இல்லண்ணே. அக்கரைக்கு நான் வரல."