நெலிதாவின் அக்கா

பொலிவியாவின் கொச்சபம்பா நகரில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களையும் பிள்ளைகளையும் தங்கவைக்கும் இல்லம் ஒன்றில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெலிதாவை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். மினிபஸ் ஓட்டும் அவள் புருஷன் குரோவர் அவள் கையை முறித்திருந்தான். அவளையும் இரண்டு பிள்ளைகளையும் டாக்சியில் ஏற்றி அங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அவளுடைய அக்கா சுல்மா.

இல்லம் எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரர்களுக்குக்கூட நாங்கள் சொல்வதில்லை. சுல்மா அதை உடனே ஒப்புக்கொண்டாள். "எனக்குத் தெரியவே வேண்டாம். தெரிஞ்சா வாய் தவறிடும்," என்று சொல்லிவிட்டு, தன் சால்வையைக் கழற்றித் தங்கைக்குப் போர்த்திவிட்டாள்.

மூத்தவன் இவாருக்கு அப்போது நான்கு வயது. வந்த புதிதில் சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே இருந்தான். யாராவது கதவைச் சாத்தினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். வெளியே வா என்று நான் கூப்பிடவில்லை. வேர்க்கடலை சூப்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து குடித்தேன். பல நாள் கழித்து அவனாக விளையாட வந்தான். துணி நாய் ஒன்றைத் தரையில் அடித்து, "சூப்பு ஏன் ஆறிப்போச்சு?" என்று அதட்டினான். நான் திட்டவில்லை. நாய்க்கு வலிக்குமே, அதை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அதை என் ஏப்ரன் பைக்குள் திணித்தான். அதன் பிறகு மற்ற பிள்ளைகளோடு சேர ஆரம்பித்தான்.

நெலிதா தன் புருஷனைப் பற்றிப் பேசமாட்டாள். பேச்சு முழுக்க அக்காவைப் பற்றித்தான். அம்மா செத்த பிறகு தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது சுல்மா, தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தது சுல்மா. இல்லத்து போனில் அக்காவின் குரலைக் கேட்கிற நாளில் அவள் முகமே வேறாக இருக்கும்.

இவாரின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றாள் சுல்மா. இல்லத்திலிருந்து தூரமாக ஒரு பூங்காவைச் சொன்னோம். நானும் கூடப் போனேன்.

சுல்மா கேக் வாங்கி வந்திருந்தாள். இவார் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வெட்டவெளியில் அவன் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். கைக்குழந்தை மைத்தேயைச் சுல்மா இடுப்பில் வாங்கிக்கொண்டாள். அக்காவும் தங்கையும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பலூன்காரருக்குப் பின்னாலிருந்து குரோவர் வந்தான். முகம் மழித்து, சட்டை இஸ்திரி போட்டிருந்தான்.

நெலிதா அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"நீயா சொன்ன?"

"ஒரு தடவை பேசிப் பாருடி. என் வீட்டு வாசல்ல உக்காந்து அழுதான். பிள்ளைங்களுக்கு அப்பா வேணாமா?"

இவார் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டான். கோர்ட் உத்தரவு இருக்கிறது, நீ கிட்ட வரக்கூடாது என்று குரோவரிடம் சொல்லிக்கொண்டே நான் போலீசுக்கு போன் போட்டேன். அவன் சத்தம் போடவில்லை. சுல்மாவின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டினான். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டாள்.

வாங்கியவன் நேரே மினிபஸ்ஸுக்கு நடந்தான். "வீட்டுக்கு வா. உன் பொண்ணு அங்கதான் இருப்பா," என்றான். நெலிதா பின்னாலேயே ஓடிக் கதவைக் கையால் தட்டினாள். வண்டி கிளம்பிவிட்டது.

வந்த போலீஸ்காரர், அப்பாதானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், இதைக் கடத்தல் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். எங்கள் வக்கீல் நீதிபதியிடம் போய், குழந்தையை மீட்டுத் தர இன்னொரு உத்தரவு வாங்கிய பிறகே அசைந்தார்கள். அதுவரை, மைத்தேக்குக் கொடுக்க வேண்டிய பாலை நெலிதா தொட்டியில் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. அவன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டாள்.

குழந்தை குரோவரின் அம்மா வீட்டில் இருந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. கோர்ட் வராந்தாவில் வைத்து நெலிதாவின் கையில் கொடுத்தார்கள். சுல்மாவும் வந்திருந்தாள். தூரத்தில் நின்றவள் மெல்லக் கிட்ட வந்தாள்.

"ஒரு நிமிஷம் தூக்கிட்டுக் குடுத்துடுவான்னு நினைச்சேன்டி. என் புருஷனும்தான் என்னை அடிச்சான். பல்லு போச்சு. நான் எங்கயாவது போனேனா? பொறுத்துக்கிட்டு இருக்கேன்ல?"

நெலிதா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவன்கிட்ட எனக்கு எப்பவும் பயம் இருந்துச்சுக்கா. உன்கிட்ட இருந்ததே இல்ல."

அக்கா அன்று போர்த்திவிட்ட சால்வையைக் கழற்றி, மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

இந்த ஊரிலேயே இருந்தால் குரோவர் மறுபடி தேடி வருவான் என்று அவர்களை வேறு ஊர் இல்லத்துக்கு அனுப்பினோம். பேருந்து நிலையத்தில் இவார் என் கையை விடாமல் நின்றான்.

"அத்தை, அந்த வீட்டுக்குப் பெரியம்மாவுக்கு வழி தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சொல்லிடாத," என்றான். அவனுக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். நெலிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது அவள் அங்கே ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்கிறாள். இவார் பள்ளிக்கூடம் போகிறான். குரோவர் மீதான வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

சுல்மா இன்னமும் எங்கள் இல்லத்துக்கு போன் செய்து தங்கையைப் பற்றிக் கேட்கிறாள். நன்றாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்வேன். ஒருமுறை அவள் எதுவும் கேட்காமல் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தாள். உங்களைக் கூட்டிப்போக எங்கே வரட்டும் என்று கேட்டேன். வாசலில் புருஷன் வந்துவிட்டான் என்று கிசுகிசுத்துவிட்டு போனை வைத்துவிட்டாள்.