மூன்றாம் மாடித் தொடர் ஓட்டம்

அந்த வருடம் கல்லூரி மைதானம் சலவைக்குப் போயிருந்ததால், விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான ஓட்டம் மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் நடந்தது. மைதானத்தைச் சுருட்டி லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். திரும்பி வரும்போது கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கமித்ரா வியாசர்பாடியிலிருந்து அம்மா பூங்காவனத்துடன் வந்திருந்தாள். நானூறு மீட்டரில் மாநிலத்திலேயே முதல் ஆள். பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண். பொருளாதாரம் படிக்க வேண்டும், அதுவும் இந்தக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று இருந்தாள். இங்கே படித்தவர்கள் அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் நின்றதில்லை என்று அவளுடைய பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு இடம்தான் காலி.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் கால்கள் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே ஓடின. முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார்.

கல்லூரிக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் ‘விளையாட்டு’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ‘சமூகம்’ என்று எழுதியிருந்தது. நடுவில் ஸ்டூல் போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டுல ஒண்ணுதான்” என்றார்.

“ரெண்டும் நான்தானே அண்ணே?”

“இருக்கலாம்மா. வாசல் ரெண்டாச்சே.”

சங்கமித்ரா இரண்டு வாசல்களையும் பார்த்தாள். விளையாட்டு வாசலில் போனால் தெருவின் பெயரை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். சமூக வாசலில் போனால் கால்களை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏற்கெனவே யாரோ விட்டுப் போன கால்கள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நல்ல கால்கள்.

“நீ இதுல போ கண்ணு” என்றாள் பூங்காவனம். “நான் அதுல போயி உனுக்குப் பதிலா நின்னுக்கறேன். எனுக்கு இன்னா, காலு எப்பவும் வலிதான்.”

வாட்ச்மேன் யோசித்தார். அம்மாவின் கால்களைக் குனிந்து பார்த்தார். “இது விளையாட்டுக் கால் இல்ல. வச்சிக்கிட்டே போங்க” என்றார்.

அப்படித்தான் இருவரும் பிரிந்தார்கள்.

தேர்வை நடத்தியவர் பேராசிரியர் ஞானசேகரம். கண்களைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். அது அவருடைய கொள்கை. முப்பது வருடமாக அவர் எந்த மாணவரின் முகத்தையும் பார்த்ததில்லை என்று கல்லூரியில் பெருமையாகச் சொல்வார்கள்.

“நான் யாரையும் பார்க்கிறதில்ல. எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்றார். “நீ எந்த ஏரியாம்மா?”

சங்கமித்ரா தயங்கினாள். “பார்க்க மாட்டேன்னீங்களே சார்?”

“பார்க்கத்தான் கூடாது. கேட்கலாம்.”

“வியாசர்பாடி.”

“ஓ” என்றார் பேராசிரியர். கண்கட்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.

போட்டிக்கு வந்திருந்த இன்னொருத்தி பெயர் தாரிணி. நெடுநெடுவென்று இருந்தாள். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய விளையாட்டு குதிரையேற்றம். குதிரையை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று கல்லூரியில் ஒரு விதி இருந்தது. குதிரை வர முடியாவிட்டால் குடும்பம் ஓடலாம் என்று இன்னொரு விதியும் இருந்தது. அதனால் தாழ்வாரத்தின் தொடக்கத்தில் தாரிணியின் தாத்தா நின்றார். கையில், அடுத்தவரிடம் மாற்றிக் கொடுக்க, வெள்ளிப்பூண் போட்ட ஒரு குறுந்தடி. கொஞ்ச தூரம் தள்ளி அப்பா நின்றார், கோட்டும் ஓட்டக் காலணியுமாக. கடைசியில் தாரிணி. கொள்ளுத்தாத்தா சுவரில் இருந்தார், தலைப்பாகையோடு தங்கச் சட்டத்துக்குள். அவர் பங்கு ஏற்கெனவே ஓடி முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

“என் பக்கத்துல யாரு சார்?” என்று கேட்டாள் சங்கமித்ரா.

பேராசிரியர் கையை நீட்டிக் காற்றைத் துழாவினார். “யாரும் இல்லையேம்மா. உங்க தாத்தாவை வரச் சொல்லலையா?”

“வாசல்ல விட்டிருக்க மாட்டாங்க சார்.”

“அதை அவர் வந்து சொல்லணும் இல்லையா?”

“வந்தாத்தானே சார் சொல்ல முடியும்?”

“அதான் சொல்றேன். வரலையே” என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “சரி, உன் பங்கு முழுசையும் நீயே ஓடிக்க. அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

விசில் ஊதினார்.

சங்கமித்ரா ஓடினாள். அவளுக்கு ஓடத் தெரியும். வகுப்பறைக் கதவுகள் பின்னால் போயின. ஒவ்வொரு கதவுக்கு உள்ளேயும் யாரோ பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் தாரிணியின் தாத்தா நடந்துதான் வந்தார். நடுவில் நின்று, ஜன்னல் வழியாக ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டி, “இது நான் வச்சது” என்று யாரிடமோ சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சங்கமித்ரா தாரிணியின் அப்பாவையும் தாண்டிவிட்டாள். அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் கூடவே ஓடி வந்தார். கண்ணைக் கட்டியிருந்தும் அவர் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டடத்தில் அவர் முட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

“கொஞ்சம் நில்லும்மா.”

“நிக்க முடியாது சார். ஓட்டம்.”

“அதில்லை. இவ்வளவு வேகமா ஓடுற பொண்ணுக்கு ஒதுக்கீடு எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

சங்கமித்ரா வேகத்தைக் குறைத்தாள்.

“இவ்வளவு மெதுவா ஓடுனா தகுதி எங்கன்னு கேப்பாங்களே?”

“அப்ப எப்டி சார் ஓடறது?”

“நியாயமா” என்றார் பேராசிரியர்.

அவர் அதைச் சொன்னதும் சங்கமித்ராவின் பக்கத்தில் மட்டும் தாழ்வாரம் நீண்டது. முதலில் ஒரு வகுப்பறை முளைத்தது. பிறகு ஒரு நூலகம். பிறகு யாரோ ஒரு வள்ளலின் நினைவு மண்டபம். மண்டபத்தைக் கடக்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அவள் ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தரை சில்லென்று இருந்தது. மைதானமாக இருந்தால் ஒரு சுற்று எங்கே முடியும் என்று உடம்புக்கே தெரியும். இங்கே உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை.

மண்டபம் முடிந்த இடத்தில் தாரிணி நின்றுகொண்டிருந்தாள். கையைப் பின்னால் நீட்டித் தடிக்காகக் காத்திருந்தாள். சங்கமித்ரா அவளுக்குப் பக்கத்தில் வந்ததும் தாழ்வாரம் மறுபடி நீண்டது. எவ்வளவு ஓடியும் தாரிணி பக்கத்திலேயே இருந்தாள்.

“எங்க பிராக்டிஸ் பண்ற?” என்று கேட்டாள் தாரிணி.

“ரோட்ல. காலைல லாரி வர்றதுக்கு முன்னாடி.”

“சாரி” என்றாள் தாரிணி.

“எதுக்கு?”

“தெரியல. சொல்லணும்னு தோணிச்சு.” அவள் சுவரைப் பார்த்தாள். “நான் தோத்தா கொள்ளுத்தாத்தா அங்கேருந்து இறங்கிடுவாருன்னு அப்பா சொல்றாரு. இறங்குனா எங்க வீட்லதான் தங்குவாரு.”

“குதுர எப்டி இருக்கு?”

“அதுக்கு வேற காலேஜ்ல சீட் கிடைச்சிடுச்சு.”

அப்பா வந்துவிட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி தடியை மகளின் கையில் வைத்தார். தாரிணி ஓடத் தொடங்கினாள். அவளும் மோசமாக ஓடவில்லை. அழுதுகொண்டே நன்றாக ஓடினாள்.

அப்போதுதான் வலது பக்கத்தில் ஒரு சிறிய கதவு திறந்தது. பூங்காவனம் வெளியே வந்தாள். கையில் ஒரு பேப்பர் கப்.

“இன்னாடி, முட்ஞ்சிச்சா?”

“இல்லம்மா. நீ எங்க போன?”

“உள்ள ஒக்கார வச்சி அனுதாபம் குடுத்தாங்க. நல்லா சூடா இருந்துச்சி. சக்கரதான் இல்ல.” கப்பை எட்டிப் பார்த்தாள். “உனுக்குக் கொஞ்சம் வச்சினு வந்தேன்.”

பேராசிரியர் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். “யாரது?”

“எங்கம்மா சார்.”

“அப்ப உன் பக்கத்துலயும் ஆள் இருக்காங்களே!” அவர் முகம் மலர்ந்தது. “ஏன் முன்னாடியே சொல்லல? அம்மா, இந்த இடத்துலேருந்து உங்க பங்கு. ஓடுங்க.”

“நானா?” என்றாள் பூங்காவனம். “பொடவைலயா?”

“தூக்கிச் சொருகும்மா” என்றாள் சங்கமித்ரா. அம்மாவிடம் கொடுக்கத் தடி எதுவும் இல்லை. கையிலிருந்த ஸ்பைக்ஸில் ஒன்றைக் கொடுத்தாள்.

பூங்காவனம் கப்பைக் குனிந்து ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். ஓடினாள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. ஓடிப் பழக்கம் இல்லை. கைகள் ஒரு பக்கமும் கால்கள் ஒரு பக்கமும் போயின. ஆனால் அவள் பக்கத்தில் தாழ்வாரம் நீளவில்லை. இப்படி ஒருத்தி ஓடுவாள் என்று கட்டடம் எதிர்பார்க்கவில்லை போலும். சங்கமித்ரா நிற்க முடியாமல் அம்மாவுக்குப் பக்கத்திலேயே ஓடினாள்.

“மூச்ச மூக்குல வாங்கும்மா.”

“நீ பேசாத வாடி.”

தாழ்வாரத்தின் முடிவில் சீட் இருந்தது. சாதாரண மர நாற்காலி. வலது கைப்பக்கம் எழுதுவதற்கு ஒரு பலகை. பலகையில் யாரோ பேனாவால் குடைந்த பள்ளம். சங்கமித்ரா அதைப் பார்த்தாள். அந்தப் பலகையில் முழங்கையை வைத்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வழியில் தாரிணியைத் தாண்டியிருந்தார்கள்; அவள் இரண்டு எட்டு பின்னால் இருந்தாள். சங்கமித்ரா கையை நீட்டினாள். நாற்காலியின் முதுகைத் தொட்டும்விட்டாள்.

பூங்காவனத்துக்கு மூச்சு வாங்கியது. எதிரே நாற்காலி இருந்தது. உட்கார்ந்தாள்.

மணி அடித்தது.

“அமர்ந்தவருக்கே சீட்” என்றார் பேராசிரியர் உரக்க. பிறகு மெதுவாக, “பேரென்னம்மா?”

“பூங்காவனம்.”

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“ஒம்போதாவது பாதி.”

“எந்தப் பாதி?”

“முன் பாதி சார்.”

“பரவால்ல. பின் பாதிதான் கஷ்டம்” என்றார். “பி.ஏ. பொருளாதாரம். வாழ்த்துகள்.”

பூங்காவனத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பதறினாள். “ஐயோ, கால் வலிக்கு ஒக்காந்தேன் சார். இது எம் பொண்ணுக்கு. இரு கண்ணு, எழுந்துக்கறேன்.”

“எழுந்தா சீட் பொதுவுக்குப் போயிடும்.”

“பொதுன்னா?” என்று கேட்டாள் சங்கமித்ரா.

“மறுபடியும் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கணும்.”

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் தாரிணியின் தாத்தா தடியை வாங்கிக்கொண்டு ஏற்கெனவே தயாராக நின்றார். அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

சங்கமித்ரா நாற்காலியின் முதுகை விடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஓடிய எல்லாக் காலைகளும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கோபம் வந்தது. அம்மாவின் மேலா, துணி கட்டிய மனுஷர் மேலா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. பூங்காவனம் பாதி எழுந்த நிலையில் இருந்தாள். கைகள் பலகையில் ஊன்றியிருந்தன. பெருவிரல் அந்தப் பேனாப் பள்ளத்துக்குள் சரியாகப் பொருந்தியிருந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

சங்கமித்ரா அம்மாவின் தோளை அழுத்தினாள்.

“ஒக்காரும்மா.”

“எனுக்கு இன்னாடி தெரியும்?”

“இவுங்களுக்கு மட்டும் இன்னா தெரியும்? ஒக்காரு.”

“சோறு?”

“நான் வடிச்சிக்கறேன்.”

“ஆஸ்பத்திரிக்கு இன்னா சொல்றது?”

“எங்கம்மா படிக்கப் போயிடுச்சின்னு சொல்றேன்.”

பூங்காவனம் மகளின் முகத்தையே பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த புடவையை இழுத்துவிட்டு, ஒழுங்குபடுத்திக்கொண்டு, நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி தானாக நகர்ந்து பக்கத்து வகுப்பறைக்குள் போயிற்று.

தாரிணி தரையில் உட்கார்ந்து தேம்பினாள். அவள் அப்பா போனில் வேறொரு கல்லூரியிடம் பேசிக்கொண்டிருந்தார். சுவரில் தங்கச் சட்டம் மட்டும் இருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் தலைப்பாகையோடு நின்று, பொத்தானை எப்படி அழுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அடுத்த வருஷம் வாம்மா” என்றார் பேராசிரியர் சங்கமித்ராவிடம். “இப்ப உன் பக்கத்துல ஒரு ஆள் படிச்சவங்க இருக்காங்க. உனக்குத் தூரம் கொஞ்சம் குறையும்.”

“எவ்ளோ குறையும் சார்?”

“அதை நான் பார்க்க முடியாது.”

சங்கமித்ரா திரும்பினாள். நடக்கத்தான் நினைத்தாள். கால்கள் கேட்கவில்லை. ஒற்றை ஸ்பைக்ஸைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு, வந்த வழியே ஓடினாள். மண்டபம் வந்தது. நூலகம் வந்தது. நூலகத்துக்குப் பிறகு மறுபடி மண்டபம் வந்தது. படிக்கட்டு எங்கும் காணவில்லை. இடது பக்கம் எந்தக் கதவைக் கடந்தாலும் உள்ளே அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் வருகைப் பதிவு எடுத்தார். அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பெயர்களையும் சேராதவர்களின் பெயர்களையும் சேர்த்தே கூப்பிடுவது வழக்கம்.

“பூங்காவனம்.”

“இருக்கேன் சார்.”

“சங்கமித்ரா.”

ஆசிரியர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

முதல் வரிசையில் பூங்காவனம் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தபடியே, வெளியே தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, கையை மட்டும் உயர்த்திச் சொன்னாள்:

“வந்துனு இருக்கா சார். ஓடினு இருக்கா.”