பின்மூலைத் தகடு

திங்கட்கிழமை காலையில் பஸீர் வாய் திறந்தால் முதலில் வருவது கொன்ஸ்ரன்ரைனுடைய லொறியின் சுகசெய்திதான். "நேத்து இரத்மலானைக்குப் போன மச்சான். ரெண்டே சுத்து. ஒன்ட லொறி ஸ்டார்ட் புடிச்சிட்டு." இதைக் கேட்டால்தான் கொன்ஸ்ரன்ரைனுக்குத் தேத்தண்ணி இறங்கும்.

ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கிய வளவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருவரும் பழைய லொறிகளைப் புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். தகடு வெட்டி வெல்டிங் பிடித்து ஒட்டுவது கொன்ஸ்ரன்ரைன், பெயின்ட் அடிப்பது பஸீர். இருபது வருடமாக ஊரார் லொறிகளையெல்லாம் சோடித்து அனுப்பிய கொன்ஸ்ரன்ரைன் தனக்கென்று வைத்திருந்தது ஒரேயொரு பழைய பெட்ஃபோர்ட் லொறி. மூன்று வருடத்துக்கு முன் கொட்டகையில் இடம் போதாமல் போனபோது, இரத்மலானையில் தன் தங்கை வீட்டு வளவில் பத்திரமாக நிறுத்துகிறேன் என்று அதைக் கொண்டுபோனவன் பஸீர்தான். புது வேலை தொடங்கும்போதெல்லாம், "இது முடியட்டும், அடுத்தது ஒன்ட லொறிதான்" என்பான்.

கொன்ஸ்ரன்ரைன் குடியிருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்மலானை ஒன்றும் தேசாந்தரம் இல்லை. ஆனாலும் அவன் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. போனால் பஸீரை நம்பவில்லை என்றாகிவிடுமே, அந்தப் பழி தனக்கெதற்கு என்று இருந்துவிட்டான். கோயில் உண்டியலைக்கூட அவன் அவ்வளவு நம்பியதில்லை.

இப்போது கொட்டகையில் நின்றது வெள்ளவத்தைக் கஜேந்திரனின் பெட்ஃபோர்ட். கெபினின் இடது பின்மூலை உக்கி, கைவிரல் வைத்தாலே உதிர்ந்தது. அந்தக் காலத்து மூலைத் தகடு எந்தக் கடையிலும் கிடையாது. செத்த லொறி ஒன்றிலிருந்து வெட்டியெடுத்தால்தான் உண்டு. செவ்வாய்க்கிழமை கஜேந்திரன் சிவப்புப் பிரைமர் பூசிய தகடொன்றைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கினான்.

"இரத்மலானைப் பக்கம் ஆரோ ஒரு லொறியை வெட்டித் துண்டு துண்டா வித்திருக்கினம் அண்ணை. ரெண்டு வருசமாக் கடையில கிடந்ததாம். அளவு சரிவருமோ பாருங்கோ."

அளவு அச்சொட்டாகச் சரிவந்தது. கஜேந்திரன் சந்தோஷமாகப் போய்விட்டான்.

கிரைண்டரை வைக்குமுன் தின்னர் நனைத்த துணியால் தகட்டைத் துடைப்பது கொன்ஸ்ரன்ரைனின் வழக்கம். உள்பக்கத்தைத் துடைத்தான். புதுப் பிரைமர் கரைந்து துணியோடு வந்தது. அடியில் உள்ளங்கையகலத்துக்கு ஒரு ஒட்டுத்தகடு. அதில் நீல எழுத்துகள், மஞ்சள் நிழல் போட்டு. 'கொடியேற்' என்று பாதியில் வெட்டுப்பட்ட சொல். அதற்குக் கீழே 'யூலை'.

தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி வாசித்தான்.

பதினெட்டு வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் பலகை எழுதியவன் பஸீர். கொடியேற்றம் யூன் மாதத்தில். அவன் யூலை என்று எழுதிவிட்டான். பங்குச் சுவாமி அந்தத் தகரத்தை வேண்டாம் என்றுவிட்டார். நண்பனின் முகம் வாடக்கூடாதே என்று, "கோயில் பின்கேற்றில தொங்குது மச்சான், வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, கொன்ஸ்ரன்ரைன் அதை இரகசியமாக வெட்டித் தன் லொறியின் மூலைக்கு எழுத்து உள்ளே தெரிய ஒட்டினான். பிறகு மேலே உட்பலகை அடித்து மூடிவிட்டான். உலகத்தில் இது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வளவில் இடமில்லை, வித்துப்போட்டேன் என்று பஸீர் சொல்லியிருந்தால் நாலு நாள் கத்தித் தீர்த்துவிட்டு மறந்திருப்பான். இல்லாத லொறியை அல்லவா பஸீர் கிழமைக்குக் கிழமை ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான். அதைக் கேட்டுக் கேட்டுக் கொன்ஸ்ரன்ரைனும் சிரித்திருக்கிறான். இத்தனை காலம் தன்னை மடையனாக்கி வைத்திருந்ததை நினைக்க அழுகைதான் வந்தது.

பஸீர் றோல்ஸ் பொட்டலத்தோடு வந்தான். கொன்ஸ்ரன்ரைன் தகட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"பஸீர், என்ர லொறியின்ர பின்மூலை உக்கிக்கிடக்கோ?"

"இல்ல மச்சான். கல்லுப்போல ஈக்கி. ஞாயித்துக்கெழமையும் தட்டிப் பாத்த."

கொன்ஸ்ரன்ரைனுக்கு அன்று றோல்ஸ் இறங்கவில்லை.

தகட்டை வீசிவிடலாமா என்று ஒருகணம் யோசித்தான். தன் லொறியில் மிஞ்சியது இந்த ஒரு மூலைதான், இதாவது ஓடட்டும் என்று மனம் சொன்னது. இரண்டு நாள் எடுத்து ஒட்டினான். இங்கே ஒரு விரலளவு, அங்கே ஒரு விரலளவு. சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி. அவசரப்பட்டு ஒரே இழுவையாக இழுத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். கோபத்திலும் அவன் கை பிசகவில்லை. எழுத்திருந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் வைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பஸீரைக் கூப்பிட்டான்.

"வெளியை விடு. உள்ளுக்கு முதல் பெயின்ட் அடி."

பஸீர் ஸ்ப்ரே கன்னோடு கெபினுக்குள் குனிந்து போனான்.

"மச்சான், இது என்ட எழுத்து. கோயில் பின்கேற்றில தொங்கினதுதானே?"

"தொங்கேல்ல. மாசத்தைப் பிழையா எழுதிப்போட்டாய், சுவாமி எடுக்கேல்ல. உனக்கு மனம் நோகக்கூடாதெண்டு நான் பொய் சொன்னனான். வெட்டி என்ர லொறிக்கு ஒட்டினனான். அந்த மூலைதான் இது."

பஸீரின் முகம் வெளிறியது. தங்கை, வளவு, அவசரம் என்று என்னவோ சொல்லத் தொடங்கினான். கொன்ஸ்ரன்ரைன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"பெயின்டை அடிச்சு முடி. வாற ஞாயிறு ஸ்டார்ட் பண்ணப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போ."

பஸீர் ஸ்ப்ரே கன்னை மடியில் வைத்துக்கொண்டு கெபினுக்குள்ளேயே இருந்தான்.