பின்னறை வாடை

ஃபேன் சுவிட்சைப் போட்டதும் கூரையிலிருந்து முடி கொட்டியது. சாம்பல், வெள்ளை, செம்பட்டை என்று மூன்று நிறத்தில் காற்றில் சுற்றி, அரைமணி நேரமாக நான் தேய்த்துக் கழுவிய ஈரத் தரையில் வந்து படிந்தது. விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பிறகு இந்த வீட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனவர்களையும், அவர்கள் வளர்த்த பூனைகளையும், அந்தப் பூனைகளின் அப்பன் பாட்டனையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க யாரும் இல்லாததால் நன்றாகவே திட்டினேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அம்மா வீட்டில் சொல்வார்கள். இந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அது கீழே இறங்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். பதினான்கு வருடமாக ரத்தமும் வாந்தியும் மூத்திரமும் ஊறிய விரிப்புகளைக் கையால் பிரித்துப் போடுகிறேன். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விரிப்பை உருவும்போது முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால்தான் அந்தக் கல் இளகும், மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் ஓடும். அப்படிப்பட்ட நானே பின்னறைக் கதவைத் திறந்த முதல் நாள், கும்மென்று அடித்த வாடையில் இரண்டடி பின்னால் வந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

பின்னறைதான் பூனைகளின் அறையாக இருந்திருக்கிறது. நான்கு சுவரிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் கோடு. கதவு நிலையின் அடிப்பக்கம் ஊறி ஊறி, விரலால் அழுத்தினால் பஞ்சு போல் உள்ளே போனது. சிமெண்டுத் தரையின் வெடிப்புகளுக்குள் ஏதோ கெட்டியாக உறைந்திருந்தது. தகட்டை விட்டுச் சுரண்டினால் வாடை புதிதாகக் கிளம்பும். சோப்பு எண்ணெய் ஊற்றினேன், வினிகர் ஊற்றினேன், சோடா மாவைப் பரப்பி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் அள்ளினேன். மூன்றாவது வாளித் தண்ணீரும் டீ நிறத்தில்தான் வெளியே போனது.

எதிர்வீட்டம்மா படியில் உட்கார்ந்து தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எண்ணிக்கையெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா. பூனை மட்டும் இருபதுக்கு மேல இருக்கும். நாலு நாய். முயல் வேற. கடைசியா ஒரு ஆடு கூட மாடிப்படிக்குக் கீழ கட்டியிருந்தாங்க" என்றாள். அப்புறம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வீடு பாக்க வந்தப்ப தெரியலையாம்மா?"

பெயிண்டரும் அதையே கேட்டார். தண்ணீர்க் குழாய் மாற்ற வந்தவரும் கேட்டார். வீடு பார்க்க நான் வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? அன்றைக்கு மகளுக்கு இழுப்பு வந்து, ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அவளை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஆறு வயது. நாங்கள் குடியிருந்த வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், பூஞ்சை. அந்தச் சுவர் இருக்கும் வரை குழந்தைக்கு இழுப்பு நிற்காது, வீட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு நல்ல மூச்சு வேண்டும் என்றுதான் இந்த வீட்டையே வாங்கினோம். பழைய வீட்டுக்கு வேறு குடும்பம் வருகிறது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அப்போது அதற்குப் பதினோரு நாள்தான் பாக்கி இருந்தது.

வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு என்ன வேலை தெரியுமா? பால் குளிரூட்டும் நிலையத்தில், வந்திறங்கும் கேன்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து, மோந்து பார்த்து, நல்லது கெட்டது சொல்லி உள்ளே அனுப்புகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரை மூக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மூக்கு மாஸ்டர்தான் இந்த வீட்டுக்குள் நின்று, சுற்றிப் பார்த்து, "ரொம்ப நல்ல வீடு, நல்ல காத்தோட்டம், பின்னாடி ரூமைப் பட்டாணிக்கு வெச்சுக்கலாம்" என்று சந்தோஷமாக வந்து சொன்னவர்.

எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். "ஜன்னலெல்லாம் தெறந்து வெச்சிருந்தாங்க. அப்ப ஒண்ணும் தெரியல."

"இது ஜன்னல் தெறந்தா போற வாடையாங்க?"

"கழுவினா போயிடும். நான் கழுவித் தர்றேன்."

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, சல்லிசாக வருகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆத்திரத்தில், எங்களுக்கு இந்த வீட்டை விற்ற அம்மாவுக்கே போன் போட்டேன். "வாடையா? எங்களுக்கு அப்படி ஒண்ணும் தெரியலையேம்மா. முப்பது வருஷம் இருந்தோம். எங்க புள்ளைங்க ரொம்ப சுத்தம்" என்றாள். பிள்ளைகள் என்று அவள் சொன்னது பூனைகளை என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக வந்தோம். பட்டாணியை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் மாடிக்காரர்கள் அன்று ஊரில் இல்லை. அவளை முன்பக்கப் படியில் உட்கார வைத்து, கிரேயானும் நோட்டும் கொடுத்து, உள்ளே வரக் கூடாது என்று சொன்னேன். நான் சமையலறையில் அலமாரித் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் பின்னறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஏதோ பாட்டை அவர் முணுமுணுப்பது கேட்டது. நாம் இங்கே நாயாய்ப் பேயாய் உழைக்கிறோம், இவருக்குப் பாட்டு கேட்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது தொண்டையைப் பிடிக்கிற மாதிரி ஒரு நெடி வந்தது. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. சலவைப் பிரிவில் சேர்ந்த புதிதில், மூத்திரம் ஊறிய விரிப்பை அலசாமல் ஒருத்தி ப்ளீச்சிங் பவுடர் தொட்டியில் போட்டுவிட்டாள். கிளம்பிய விஷப்புகையில் நாங்கள் ஏழு பேர் வராந்தாவுக்கு ஓடினோம். குளியலறைக்கென்று நான் வாங்கி வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடர் பாக்கெட் அலமாரிக்குக் கீழே இல்லை. அதைப் பின்னறையில் போடக் கூடாது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மூக்குள்ள யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை, முதல் மூச்சிலேயே ஓடி வந்துவிடுவார்கள்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். ஜன்னல் இரண்டும் சாத்தியிருந்தது. காற்றில் பவுடர் பறக்கிறது என்று சாத்தினாராம். முழங்காலில் உட்கார்ந்து, வெள்ளை வெள்ளையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, பாட்டும் முணுமுணுப்புமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் பாட்டைக் கேட்டு எப்போது வந்தாளோ, பட்டாணி நின்றிருந்தாள். ஒரு கையில் கிரேயான். இன்னொரு கை தொண்டையில். வாய் திறந்திருந்தது, உள்ளே போகிற மூச்சு மட்டும் விசில் மாதிரி கேட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டம்மா என் பையைக் கொண்டுவந்து கொட்டி, இழுப்புக்கு அடிக்கிற மருந்து பம்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை அடித்தேன். அடங்கவில்லை. இன்னும் இரண்டு. அவள் தோள்பட்டை ஏறி ஏறி இறங்குவதையே பார்த்தபடி, ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னேன். ஆட்டோ வருவதற்குள் விசில் குறைந்தது. உதட்டில் நிறம் வந்தது. "அம்மா, என் மஞ்ச கிரேயான் உள்ள இருக்கு" என்றாள். வந்த ஆட்டோவிலேயே அவளைக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டினேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு தெளிவாக இருக்கிறது, வாடை போகும்வரை அந்த வீட்டுக்குள் மட்டும் கூட்டிப் போகாதே என்றார்.

அவளை எதிர்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவர் தரையைத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து.

"கொழந்த எப்படி இருக்கா?"

"ஒனக்கு அந்த நாத்தம் தெரியலையா?" என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நீ என்று வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், மாற்றிக்கொள்ளவில்லை.

"கண்ணு எரிஞ்சுது. தூசின்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். என் முகம் கோணியிருந்தது, அந்த நெடி இன்னும் அறையில் இருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகு அவர் முகமும் கோணியது. "ஆமா, என்னா நாத்தம்" என்றார்.

ஒரு நொடி பிந்தி வந்த கோணல் அது. இதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. குப்பைத் தொட்டிப் பக்கம் போகும்போது, அடுப்பில் ஏதாவது தீயும்போது, நான் முதலில் அவர் பிறகு. நான் வெளியே போனேன். கொடியில் காய்ந்த, துவைத்த துணி ஒன்றை எடுத்தேன். பின்னறையில் முதல் நாள் துடைத்து, பையில் கட்டி மூலையில் போட்டிருந்த துணியையும் எடுத்தேன். இரண்டையும் சுருட்டி, இரண்டு கையிலும் மூடிப் பிடித்து, அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். ஆஸ்பத்திரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இதுல எது பூனைத் துணி? சொல்லு."

அவர் மோந்து பார்க்கக் குனியக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்தார். கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், உதட்டோரத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. மெதுவாகச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாச்சு. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியறதில்ல."

"கேனு?"

"கேன் தூக்குற பெரியவர் மூஞ்சியப் பாத்துக்குவேன். கெட்டுப்போயிருந்தா அவரு மூக்கு விடைக்கும். வீட்டுல ஒன் மூஞ்சி." கொஞ்சம் நிறுத்தினார். "இந்த வீட்டப் பாக்க வந்தன்னைக்கு நீ இல்ல. புரோக்கர் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

அதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். யாராவது கதையாகச் சொல்லியிருந்தால் இளகியிருப்பேன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. இரண்டு வருடமாகத் தட்டில் சோறு விழுவதற்குள் "வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்று சொன்ன வாய். அடுப்படியில் வேர்வையோடு நின்று அதைக் கேட்டுச் சிரித்த என் பைத்தியக்கார மூஞ்சி. ஊர்க் குழந்தைகள் குடிக்கிற பால், பட்டாணி குடிக்கிற பால், யாரோ ஒரு பெரியவரின் மூக்கு விடைப்பை நம்பி இரண்டு வருடமாகப் போயிருக்கிறது. அந்தப் பெரியவருக்கு ஒரு நாள் ஜலதோஷம் பிடித்திருந்தால்?

"ஏன் சொல்லல?"

"மூக்கு போயிடுச்சுன்னா வேலை போயிடும். அப்புறம்... நீ சமைச்சுட்டு எப்படி இருக்குன்னு கேப்ப. எப்படிச் சொல்றது?"

"புள்ளைக்கு மூச்சு நின்னிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கையிலிருந்த பூனைத் துணியை அவர் மடியில் போட்டுவிட்டு, நாளைக்கே நிலையத்தில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன் என்றேன்.

சொல்லிவிட்டார். அவரைக் கேன் கழுவுகிற பக்கம் மாற்றிவிட்டார்கள். மூக்கு மாஸ்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லையாம். அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் நேரே இந்த வீட்டுக்கு வந்தார். பெயிண்டர் சொன்னபடி பழுப்புக் கோடு இருந்த உயரம் வரை சுவர்ப் பூச்சைக் கொத்தி எடுத்தார். நிலையின் அடியை அறுத்து வேறு மரம் வைக்க ஆள் கூட்டி வந்தார். தரை வெடிப்பை உளியால் தோண்டித் தோண்டிக் கழுவி, கலவை வைத்து அடைத்தார். கேட்டதற்கு நான் ம் மட்டும் கொட்டினேன். பட்டாணியை எங்கள் பழைய வீட்டு மாடிக்காரர்களிடம் விட்டுவிட்டு வருவேன், என் வேலையைச் செய்வேன், போவேன்.

நேற்று மாலை, காலி செய்ய இரண்டு நாள் இருக்கும்போது, அவர் வந்து சமையலறை வாசலில் நின்றார். முழங்கை வரை சோப்புத் தண்ணீர், கையில் பிரஷ்.

"முடிஞ்சுது. ஒரு தடவ வந்து பாக்கறியா?"

போனேன். பின்னறை ஈரமாக, வெறுமையாக இருந்தது. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழுந்திருந்தது. பட்டாணியின் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று அவர் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். நான் அறை நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். பிறகு மூலைக்குப் போய்க் குனிந்து இழுத்தேன். பிறகு அந்தச் சாக்பீஸ் கோட்டுக்கு நடுவில் மண்டியிட்டு, என் மகள் தலை வைக்கப்போகிற இடத்தில், சுவரில் மூக்கு உரச இழுத்தேன்.

"போயிடுச்சா?" என்றார் பின்னாலிருந்து.

அவர் எங்கே பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தேன். அவர் பிரஷிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சுவரோரமாக, மெல்ல, என் முகம் தெரிகிற பக்கத்துக்கு நகர்ந்து வர ஆரம்பித்தார்.