ஐந்து கரண்டிக்குப் பேசிய பேரம்

புதன்சந்தையில் முப்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். பல்லைப் பிடித்துப் பார்த்தால் மாட்டின் வயதைச் சொல்வேன். நடையைப் பார்த்தால் வந்தவன் வாங்க வந்தானா, வாயளக்க வந்தானா என்று சொல்வேன். அப்படிப்பட்டவன், என் வீட்டுக்காரி அமுதவல்லியை ஒரு வாய் சாப்பிட வைக்க வழி தெரியாமல், கையில் முட்டையோடு அடுப்படியில் நின்றேன்.

மறுநாள் காலை சேலத்தில் அவளுக்கு நான்காவது ஊசி. புற்றுக்குப் போடுவது. எடை நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு மெஷின் நாற்பதும் இருநூறு கிராமும் காட்டியது. மூன்று நாளாக உள்ளே போனது வெறும் மோர். புடவைக் கொசுவத்தில் கால் கிலோ படிக்கல்லைச் செருகி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். தராசை ஏமாற்ற எனக்குத் தெரியும். நோயை ஏமாற்றுவது யார்?

வாய் முழுக்கப் புண். பேசினாலே எரிகிறது என்று பேச்சையும் நிறுத்திவிட்டாள். எண்ணெய் காய்ந்தால் ஓங்கரிப்பு. வாந்தி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் மட்டும் வயிறு சொன்னபடி கேட்கும். ஏழு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தேன்.

கேக் செய்து விற்கும் பக்கத்து வீட்டு ஷாலினி, தன் ஓவனையே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தாள். தாளிக்காமல், வாடை கிளம்பாமல் முட்டையை வேக வைக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தாள்.

"நூத்தி எம்பதுலயே வைங்கண்ணா. இருவது நிமிசம். உங்க சந்த அவசரத்த இதுகிட்டக் காட்டிறாதீங்க."

காட்டினேன். சூடு கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று குமிழைக் கடைசிவரை திருகினேன். வெளியே வந்தது செருப்புக்கு அடியில் தைக்கத் தோதான ஒரு ரப்பர். அதன் நாற்றம் கூடம் வரை போனது. அமுதவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மணி ஏழு இருபது.

நாமக்கல்காரனுக்கு முட்டைக்கா பஞ்சம்? அட்டையில் இன்னும் இருபத்தெட்டு இருந்தன. அத்தனையும் இருந்து என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டை உடைத்தேன். கொஞ்சம் பால் விட்டு, நுரை வராமல் அடித்தேன். வெந்த சிறுகீரையை மசித்துச் சேர்த்தேன். உப்பு பேருக்கு. கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்த் தட்டுக்குள் வைத்து, நூற்றெண்பதில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். எந்த மாட்டையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

எடுத்தபோது நுங்கு மாதிரி அசைந்தது. மணி ஏழே முக்கால் தாண்டியிருந்தது. ஊதி ஊதி ஆறவைத்துக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சினேன். மறுபடியும் ஆட்டினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, என் கையையும் உள்ளே விட்டேன். சந்தையில் நாங்கள் விலை பேசுவது அப்படித்தான். வாயைத் திறக்காமல், துண்டுக்குள் விரலைப் பிடித்து. அவளும் மாட்டு வியாபாரி மகள்தான்.

ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு முறை அழுத்தினேன். பத்துக் கரண்டி. அவள் என் சுண்டுவிரலை மட்டும் பிடித்தாள். ஒன்று. நான் எட்டுக்கு இறங்கினேன். அவள் இரண்டுக்கு ஏறினாள். கடைசியில் என் ஐந்து விரலையும் ஒரே ஒரு முறை அழுத்திவிட்டுக் கையை உருவிக்கொண்டாள். பேரம் முடிந்தது.

மூன்று கரண்டி இறங்கியது. நான்காவதை விழுங்கும்போது கண்ணீர் காதுவரை வழிந்தது. கரண்டி விளிம்பில் இரத்தம்.

"போதும் அம்மிணி, உட்டுரு" என்று கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசினாள்.

"பேசுனது பேசுனதுதானுங்க."

திறந்த வாயை மூடவில்லை. பேசி முடித்த பிறகு பின்வாங்குகிற தரகனை எந்தச் சந்தையும் மதிக்காது. ஐந்தாவது கரண்டியை எடுத்தேன்.