வியாழக்கிழமைப் பிறை

மேற்கே சாம்பல் மேகம் படுத்திருக்கிறது, நாகப்பட்டினத்துப் பள்ளிவாசல் மொட்டைமாடியில் நாங்கள் நால்வர் கழுத்தை நீட்டி நிற்கிறோம், என் மூத்த வக்கீல் குலாம் தஸ்தகீர் நானா, அவர் மனைவியின் தம்பியும் ‘தென்திசை’ வாரப் பத்திரிகையின் ஆசிரியருமான ஹமீது சுல்தான் மச்சான், பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை நெய்னா முகம்மது, நானாவிடம் இளைய வக்கீலாக இருந்த நான், வேறு எவரும் அன்று மாடிப்படி ஏறவில்லை. அது வியாழக்கிழமை, ரமலான் பிறை தெரியவில்லை, வெள்ளிக்கிழமை பகலெல்லாம் ஊர் சாப்பிட்டது, அன்று மாலை பிறை தெரிந்தது, சனிக்கிழமை முதல் நோன்பு, அந்தக் காலையில்தான் தென்திசை வெளிவந்தது, போர் நிதிக்கு மிரட்டி வசூலிப்பதைக் கண்டித்த தலையங்கத்தோடு, அன்று விடியும்போதே அப்படி எழுதத் தடை அமலுக்கு வந்திருந்தது, மச்சான் தெரிந்தேதான் போட்டார்.

பத்திரிகையின் நெற்றியில் ஆங்கிலத் தேதி போடுவதில்லை என்பது அவருடைய வீம்பு, ரமலான் ஒன்று என்று மட்டும் இருந்தது, மச்சான் மேல் வழக்குப் போட்டார்கள், வெள்ளைக்கார அரசுத் தரப்பிடம் அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சியம் இல்லை, நானா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார், வியாழக்கிழமையே பிறை தெரிந்திருந்தால் ரமலான் ஒன்று வெள்ளிக்கிழமை, தடைக்கு முந்திய நாள், வழக்கே நிற்காது, கடலிலிருந்து பார்த்தோம் என்று ஆணையிட இரண்டு தோணிக்காரர்கள் நானா வீட்டு வாசலில் காத்திருக்கிறார்கள். என்ன லெப்பை, செல்லுமா என்கிறார் நானா, சாட்சி ரெண்டு வந்தா ஏத்துக்கிட வேண்டியதுதான் வக்கீல் சாயபு, ஆனா ஊரே ஒரு நோன்பை விட்டதா ஆயிடும், எல்லாரும் திருப்பிப் பிடிக்கணும் என்கிறார் லெப்பை, மச்சான் நானாவைப் பார்த்து இருமிக்கொண்டே சிரிக்கிறார், வெள்ளிக்கிழமை மூணு தட்டு நெய்ச்சோறு அடிச்சீங்களே, அதுக்கும் சேத்து வாதாடுவீங்களா, நானா சிரிக்கவில்லை, இந்த நெஞ்சுச் சளியோட ஜெயிலுக்குப் போனா திரும்பி வரமாட்டே ஹமீது, உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல. மச்சான் சிரிப்பை நிறுத்தினார், பதினோரு வருசமா பத்திரிகை போடுறேன், பாக்காததைப் பாத்தேன்னு ஒரு வரி போட்டதில்லை, அந்த மாடியில நானும் நின்னேன், அந்தத் தோணிக்காரங்களைக் கூண்டுல ஏத்துனீங்கன்னா எந்திரிச்சுச் சொல்லிப்புடுவேன்.

நானா கோர்ட்டில் எழுந்தார், எங்கள் தரப்பில் சாட்சி இல்லை என்றார், உட்கார்ந்தார், கறுப்புக் கோட்டின் பொத்தானை அவர் திருகிக்கொண்டே இருந்ததை அருகிலிருந்த நான் மட்டும் பார்த்தேன், ஒன்பது மாதம் தண்டனை, ஏழாம் மாதம் சிறைவாசலிலிருந்து மச்சானின் உடலை ஜனாஸாவாகத் தூக்கி வந்தோம். மச்சானின் அக்காவான மதனி நானாவுக்குச் சோறு வைத்தார், பேசவில்லை, காரணத்தை மதனியிடம் சொல்லிவிடலாமே என்று நானாவைக் கேட்டேன், மவுத்தானவன் மேல பழியைப் போடச் சொல்றியா என்று என்னை முறைத்தார், நானும் அவர் காலம்வரை வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து நானாவுக்கு வெள்ளைக்கார அரசின் கான் பகதூர் பட்டம் வந்தது, வாங்கிக்கொண்டார், அதை நான் மறைக்கப் போவதில்லை.

எனக்கு எண்பத்தாறு வயது, இன்னும் அந்த மாடியில்தான் நிற்கிறேன், நால்வரும் இருக்கிறோம், மேகம் விலகுகிறது, வெட்டிப்போட்ட நகம் போலப் பிறை, முதலில் பார்ப்பது நான், அதோ மச்சான் என்று கையை நீட்டுகிறேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறார், விரல்கள் சில்லென்று இருக்கின்றன, விழித்துக்கொள்கிறேன்.

பட்டத்துக்கு ஆசைப்பட்டு நானா தோணிக்காரர்களை மறைத்துவிட்டார் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். தவறு. அன்று பிறை தெரியவில்லை.