சொந்த வண்டி

கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கும் மின்மாற்றிக்கும் நடுவில், டிரைவர்கள் காத்திருப்பதற்கு ஒரு தகரக் கூரை இருந்தது. அதன் கீழே அலுவலகத்தில் கழித்துப் போட்ட இரண்டு நாற்காலிகள். ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, இன்னொன்றுக்கு முதுகு இல்லை. முதலில் வந்தவர்களுக்கு நாற்காலி, பிறகு வந்தவர்களுக்குச் சுவர். முதலாளிகள் ஏழாவது மாடியில் குளிர்ந்த அறையில் பேசிக்கொண்டிருக்க, கீழே இவர்கள் போன் எப்போது அடிக்கும் என்று ஒரு காதைத் தனியாக வைத்துக்கொண்டு கதையடிப்பார்கள்.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. ஓட்டுகிற வண்டியின் நிறம்தான் பெயர். வெள்ளை, சாம்பல், நீலம். முதலாளி வண்டியை மாற்றினால் டிரைவரின் பெயரும் அன்றைக்கே மாறும். கறுப்பு என்று அவர்கள் கூப்பிட்டவன் பதினோரு வருஷமாக ஒரே முதலாளியிடம் இருந்தான். அதில் நாலு வருஷம் கறுப்பு. அந்த வளாகத்திலேயே நீளமான வண்டி அவனுடையது. அதாவது, அவன் ஓட்டுவது.

"என்ன கறுப்பு, இன்னிக்காவது உங்க ஆளு டேங்க்கை ரொப்பினாரா?" என்று கேட்டார் நீலம். ஐம்பத்தைந்து வயது, முன்பல் ஒன்று இல்லை. அவர் ஓட்டிய வண்டிக்குப் பதினாறு வயது. பின்சீட் கிழிந்து, அதன்மேல் துண்டு விரித்திருக்கும்.

"அஞ்சு லிட்டர்."

"அந்த யானை குடிக்கிற குடிக்கு அஞ்சு லிட்டர் அடுத்த பங்க்குக்குப் போறதுக்குத்தான்யா சரியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பும் சிரித்தான். ஒரு முதலாளியின் நாடி டிரைவருக்குத் தெரிவது பெட்ரோல் பங்க்கில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முழுசாக நிரப்பச் சொன்னவர், பிறகு பாதி என்றார், பிறகு பத்து லிட்டர் என்றார். இப்போதெல்லாம் பங்க் வந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு ஐந்து விரலைக் காட்டுவார்.

"எங்க கிழவனைப் பாரு," என்றார் நீலம். "இந்தக் கட்டடமே அவனோடது. பின்னாடி தெரு முழுக்க அவனோடது. ஆனா வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி என்ன சொல்றான் தெரியுமா? 'யோவ், டப்பாவைக் கொண்டு போய்ப் பின்னாடி போடு.' உன்னைப் பார்த்தா சல்யூட் அடிக்கிறான்."

"அடிக்கிறது வண்டிக்குண்ணே."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்."

அப்போது கறுப்பின் போன் அடித்தது. முதலாளி இல்லை. மனைவியின் தங்கை.

"மாமா, அக்காவை உள்ள விடமாட்டேங்கிறாங்க. கார்டு செல்லாதுன்னு சொல்றாங்க. நீங்க உடனே வாங்க."

அவன் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷமாகிறது. வாரத்துக்கு இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம், மருத்துவமனையில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஏழைகளுக்கான நிவாரண அட்டை இருந்ததால் செலவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் பத்து நிமிஷத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

"போ, போ. உங்க ஆளு இறங்கினா நான் சமாளிச்சுக்கறேன்," என்றார் நீலம்.

அவன் பஸ் பிடித்துப் போனான்.

நிவாரணப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கோபக்காரியாக இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பொறுமையாகக் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது உங்க பேருதானே? இது உங்க விலாசம்தானே?"

"ஆமாங்க."

"உங்க பேர்ல ஒரு கார் இருக்கு."

அவன் திரையைப் பார்த்தான். வண்டி எண் அவனுக்கு மனப்பாடம். அதன் பக்கத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவனுடைய பெயர், அப்பாவின் பெயரோடு.

"அது எங்க முதலாளி வண்டிங்க. நான் ஓட்டறவன்."

"ஓட்டறவர் பேர்ல எப்படிங்க வண்டி இருக்கும்?"

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை முதலாளி பின்சீட்டில் உட்காராமல் முன்சீட்டில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என் பட்டறை கையை விட்டுப் போகப்போகிறது, கடன் கொடுத்தவர்கள் என் பேரில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள், இந்த வண்டி ஒன்றுதான் ரொக்கம் கொடுத்து வாங்கியது, இதையாவது காப்பாற்ற வேண்டும் என்றார். "உன்னை விட்டா நான் யாரை நம்புவேன், சொல்லு." அவனுக்கு வண்டியை விற்றதாக ஒரு தாளிலும், அவன் திரும்ப விற்றதாகத் தேதி போடாத இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது தாள் முதலாளியின் பீரோவுக்குப் போனது. அன்று சாயங்காலம் வீட்டில், தனக்கு ஏதோ பதவி கிடைத்த மாதிரி, மனைவியிடம் சொன்னான். "சொந்தத் தம்பியைக் கூட நம்பலை, என்னைத்தான் நம்பினாரு." அவள் வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "நாளைக்கு நமக்கு ஒண்ணும் வராதே?" என்று மட்டும் கேட்டாள். வராது என்று சொல்லியிருந்தான்.

"நாலு சக்கர வண்டி பேர்ல இருந்தா அட்டை கிடையாது. நான் எழுதின விதி இல்லை இது," என்றாள் கண்ணாடிக்குள் இருந்தவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுவும் இந்த வண்டி. இதோட விலைக்கு நான் வீடே வாங்கிடுவேன்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், யாரிடமோ சொல்வதுபோல, "காரையும் வச்சுக்குவானுங்க, நம்ம தட்டுலயும் கை வைப்பானுங்க," என்றார்.

"வண்டியை வித்துட்டேன்னு தாள் கொண்டு வந்தா?" என்று அவளிடம் கேட்டான்.

"புதுசா விண்ணப்பம் போடணும். விசாரணைக்கு ஆள் வருவாங்க. மூணு மாசம் ஆகும்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதுவரைக்கும் வித்த காசுல பாருங்களேன்."

மனைவி கூடத்தின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசி போடும் இடது கையை, எப்போதும்போல, வலது கையால் மூடி வைத்திருந்தாள். கடைசியாகச் சுத்தம் செய்து நாலு நாளாகியிருந்தது. தங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வண்டிதானே?" என்றாள் மனைவி.

"ம்."

அவள் எழுந்திருக்கத் தங்கையிடம் கையை நீட்டினாள்.

மறுநாள் காலை முதலாளியின் வீட்டுக் கூடத்தில் நின்றான். சமையற்காரம்மா போய் இரண்டு மாதமாகிறது. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. முதலாளி தானே தேநீர் போட்டு இரண்டு கோப்பையில் கொண்டு வந்தார். ஒன்றை அவனிடம் நீட்டினார். அவன் நின்றுகொண்டே வாங்கினான்.

"ஐயா, வண்டியை என் பேர்லயிருந்து மாத்திடுங்க."

முதலாளி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தினா மறுநாளே வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்கப்பா."

"இல்லாட்டி ஒரு கடிதமாவது குடுங்க. வண்டி உங்களோடதுதான், இவன் வெறும் டிரைவர்தான்னு."

"அதை எழுதிக் குடுத்தா நான் கம்பிதான் எண்ணணும். கூட நீயும் எண்ணணும். நீயும்தானே கையெழுத்துப் போட்டிருக்கே?"

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாரு. நாளைக்குச் சாயங்காலம் ஒருத்தரைப் பார்க்கப் போறோம். பணம் போடறேன்னு சொல்றார். அவர் வாசல்ல நான் அந்த வண்டியிலதான் இறங்கணும். பஸ்ல போய் இறங்கினா உட்காருன்னு கூடச் சொல்லமாட்டான். அந்த வண்டி நிக்கிற வரைக்கும்தான் நான் நிக்கிறேன். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

"அவர் பணம் போட்டா, உன் வீட்டம்மா வைத்தியம் என் பொறுப்பு."

"அதுவரைக்கும் தாங்கணுமேய்யா. வாரத்துக்கு மேல போனா தண்ணி நெஞ்சுக்கு ஏறிடும்னு சொல்லியிருக்காங்க."

முதலாளி சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். திறந்தார். உள்ளே பார்த்தார். மூடி மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"ஒண்ணு செய். நாளைக்கு வண்டியிலேயே வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போ. ஏன் வெயில்ல அலைய விடணும்? பெரிய டாக்டரைப் பார்த்து நேரா சொல்லு. நாலு மணிக்கு மட்டும் இங்க நின்னுடு."

மறுநாள் மதியம் அவன் வண்டியைத் தங்கள் தெருவுக்குள் கொண்டுவர முடியாமல் முனையிலேயே நிறுத்தினான். மனைவிக்கு முகம் ஊதியிருந்தது. செருப்புக்குள் கால் நுழையவில்லை. வெறுங்காலோடு அவன் தோளைப் பிடித்து நடந்து வந்தாள். மடியில் ஒரு துண்டு. அவனே பின்கதவைத் திறந்துவிட்டான்.

"யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள்.

"முதலாளியம்மான்னு நினைப்பாங்க."

அவள் கொஞ்சம் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. பின்னால் சாய முடியாமல் சீட்டின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். "முதலாளியம்மாவுக்கு உட்கார வசதியாத்தான் இருக்கு. மூச்சுதான் விட முடியலை. கண்ணாடியை இறக்குங்க."

மருத்துவமனை வாசலில் காவலாளி ஓடி வந்து தடுப்பைத் தூக்கினான். அவர்கள் எப்போதும் போகும் பக்கவாட்டு வழியைக் காட்டாமல், முன்பக்கத் தாழ்வாரத்துக்குள் வண்டியை விடச் சொன்னான். விசில் அடித்து ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்தான். இரண்டு வருஷத்தில் அவளுக்கு யாரும் நாற்காலி கொண்டுவந்தது கிடையாது. தள்ளிக்கொண்டு போனவன், "மேடம், காலை உள்ள வச்சுக்குங்க," என்றான்.

நாற்காலி நேராகக் கட்டணப் பிரிவுக்குப் போனது. அங்கே ஒரு தடவைக்கு எவ்வளவு என்று சொன்னார்கள். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. சம்பளம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. பெரிய டாக்டர் ஊரில் இல்லை. இயந்திர அறையிலிருந்து வந்த நர்ஸுக்கு அவளைத் தெரியும். குனிந்து அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். பதிந்த குழி எழும்பவில்லை.

"ஏம்மா, இந்த முறை விட்டுட்டியா? தண்ணி குடிச்சியா?"

"நேத்து வாயை நனைச்சேன் சிஸ்டர். அவ்வளவுதான்."

நர்ஸ் அவனைத் தனியாக அழைத்துப் போனாள். "அட்டை இல்லாம நான் மெஷின்ல போட்டா என் வேலை போயிடும். ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சுத்தமா மூச்சு விட முடியலைன்னா அவசரப் பிரிவுக்குக் கொண்டு வாங்க. அங்க அட்டை கேக்கமாட்டாங்க, உடனே போடுவாங்க."

"இப்ப மூச்சு வாங்குதே சிஸ்டர்."

"இது பத்தாது," என்றாள் நர்ஸ். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வந்த வழியே வண்டியைத் திருப்பினான். பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கையில், "ஏங்க, ஓரமா நிறுத்துங்க," என்றாள். பின்னால் லாரிகள். நிறுத்த இடமில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ இறங்கிடறேன்," என்றான். அவள் துண்டை வாயில் வைத்துக் குனிந்தாள். துண்டு போதவில்லை.

தெருமுனைக்கு வந்தபோது மணி மூன்று பத்து. அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார வைத்தான். போன் அடித்தது.

"கிளம்பிட்டியாப்பா? நாலு மணி. மறந்துடாதே."

"மறக்கலைங்கய்யா."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கய்யா."

வீட்டுக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீரும் சோப்புத் தூளும் பழைய துணியும் கொண்டு வந்தான். நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு, மிதியடியை வெளியே இழுத்துப் போட்டுக் கழுவினான். பிறகு தலையை உள்ளே விட்டு, மண்டிபோட்டு, சந்தன நிறத் தோல் சீட்டைத் துடைத்தான். தையல் ஓட்டைகளுக்குள் போனது வரவில்லை. நகத்தால் சுரண்டினான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பளபளப்பில் முகம் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வழியாக வந்த ஒருவர் வண்டியையும் அவனையும் பார்த்துவிட்டு, "புதுசாண்ணே? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். அவன் நிமிரவில்லை.

படியில் இருந்தவளுக்கு இப்போது ஒவ்வொரு மூச்சும் தனித்தனியாக வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, திறந்திருந்த கதவின் வழியாக அவன் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்னங்க?"

"மூணரை."

"ஏங்க," என்றாள். மூச்சு எடுத்துக்கொண்டாள். "சீட்டுக்கு அடியில... அந்தக் கம்பிக்கிட்ட... இன்னும் கொஞ்சம் இருக்கு பாருங்க."

அவன் துணியை மடித்து, அவள் காட்டிய இடத்தில் கையை விட்டான்.